பிரட்டில் எத்தனை பேர்?

போன வாரம் ரைஸ் குக்கரைக் கவிழ்த்து வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். அடித்தகட்டில் 700 வாட் என்று போட்டிருந்தது. அன்று காலையில்தான் மூத்தவன் கைப்பேசியில் ஒரு செய்தியை வாசித்துக் காட்டியிருந்தான். என்விடியாவின் எச்100 என்ற செயற்கை நுண்ணறிவுச் சிப் முழு வேகத்தில் ஓடும்போது 700 வாட் வரை இழுக்குமாம். எங்கள் வீட்டுக் குக்கர் அரைமணி நேரம் கொதிக்கும், அப்புறம் சூடு மட்டும் காத்துக்கொண்டிருக்கும். அந்தச் சிப்போ இரவு பகல் பார்க்காமல் ஓடுவதற்காகவே வாங்கப்படுகிறது. ஒரு சர்வருக்குள், அதாவது ஒரு பெரிய கணினிப் பெட்டிக்குள், எட்டுச் சிப். ஒரு கட்டடத்துக்குள் அப்படி எத்தனையோ சர்வர். அந்தக் கட்டடத்துக்குத்தான் டேட்டா சென்டர் என்று பெயர்.

துணியைக் கீழே வைத்துவிட்டுக் கணக்குப் போட்டேன். ஒரு சிப் முப்பது நாள் ஓயாமல் ஓடினால் 504 யூனிட். எங்கள் வீட்டில் நாலு பேர். ஒரு ஏர்கோன், மூன்று காத்தாடி, ஐஸ்பெட்டி, துணி துவைக்கிற மெஷின் எல்லாம் சேர்த்துப் போன மாத பில் 280 யூனிட். உள்ளங்கை அளவுச் சிப் ஒன்று எங்கள் குடும்பத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு தின்கிறது. 100 மெகாவாட் டேட்டா சென்டர் ஒன்று முழுசாக ஓடினால், எங்களைப் போன்ற வீடுகள் இரண்டரை லட்சத்துக்கு மேல் ஓடுவதற்குச் சமம். இந்தக் கணக்கை எந்தச் செய்தியிலும் நான் பார்க்கவில்லை. என் கரண்ட் பில்லை வைத்து நானே போட்டது.

நான் இருப்பது மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக் கூலாயில். ஜொகூர் பாருவிலிருந்து வடக்கே 30 கிலோமீட்டர். நான் சிறுமியாக இருந்தபோது இந்த ஊரைச் சுற்றிலும் தோட்டம்தான். மாதச் சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமையில் தோட்டத்து லோரிகள் வரிசையாக வந்து கடைத்தெருவில் ஆட்களை இறக்கிவிடும். மாவு, பருப்பு, கருவாடு வாங்கிக்கொண்டு சாயங்காலம் அதே லோரியில் திரும்புவோம். இன்றைக்கு அதே ஊரின் பெயர் உலகச் செய்தியில் வருகிறது. 2023 டிசம்பரில் என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங் கோலாலம்பூருக்கு வந்து போனார். கூலாயில் இருக்கிற தன் டேட்டா சென்டர் வளாகத்தில் என்விடியாவோடு சேர்ந்து செயற்கை நுண்ணறிவுக்கான கணினிகளை நிறுவப்போவதாக ஒய்டிஎல் என்ற மலேசிய நிறுவனம் அறிவித்தது. 20 பில்லியன் வெள்ளி, அதாவது மலேசிய ரிங்கிட், என்றார்கள். 2024 மே மாதம் மைக்ரோசாப்டின் சத்யா நாதெல்லா வந்து 2.2 பில்லியன் டாலர் முதலீடு என்றார். அதே மாதக் கடைசியில் கூகள் 2 பில்லியன் டாலர். அக்டோபரில் ஒராக்கிள் 6.5 பில்லியன். செடெனாக் பக்கம், மாநில அரசு நிறுவனமான ஜொகூர் கார்ப்பரேஷனின் நிலத்தில் ஒரு தொழில்நுட்பப் பூங்காவே எழும்பிவிட்டது. செம்பனை, அதாவது பாமாயில் மரங்களுக்கு நடுவே திடீரென்று ஜன்னல் இல்லாத வெள்ளைச் சுவர். இரவில் அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிளில் போனால் வானமே வெளுத்துத் தெரிகிறது.

இந்தச் செய்திகளை எல்லாம் ஒன்று விடாமல் படிக்கிறேன். பிடித்தும் படிக்கிறேன். 27 வருஷம் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்தவள் நான். சிப் என்றால் எனக்கு வெறும் பெயர் இல்லை, அதை இடுக்கியால் தூக்கி வைத்த கை இது. ஆனால் எதைப் படித்தாலும் ஒரு கேள்வி உள்ளே நிற்கிறது. பில்லியன் சொல்கிறார்கள், மெகாவாட் சொல்கிறார்கள், எத்தனை ஏக்கர் என்று சொல்கிறார்கள். ஆள் எத்தனை பேர்?

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்தக் கேள்வி இயல்பாக வரும். எங்கள் நாள் தொடங்குவதே தலை எண்ணுவதில்தான். விடியற்காலை இருட்டில் பிரட்டுக்கு, அதாவது ஆள் எண்ணிப் பெயர் கூப்பிடுவதற்கு, பிரட்டுக்களத்தில் எல்லாரும் வரிசையாக நிற்பார்கள். கிராணி என்கிற கணக்குப்பிள்ளை புத்தகத்தை விரித்துப் பெயர் கூப்பிடுவார். அம்மா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, என் தம்பியை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, "இருக்கேன்யா" என்று குரல் கொடுத்துவிட்டுத் தன் மர வரிசைக்கு, நிரைக்கு என்போம், போவார். எங்கள் டிவிஷனில் மட்டும் நூற்றுக்கும் மேலே பெயர் இருந்தது. பால்மரத்துக்கு அன்றாடம் ஆள் வேண்டும். விடிவதற்குள் சீவ வேண்டும், பால் இறங்கக் காத்திருக்க வேண்டும், மங்கு மங்காக வாளியில் ஊற்றி, காண்டாக் கம்பில் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வர வேண்டும். கைகள் இல்லாமல் ரப்பர் இல்லை.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது மரங்களைத் தள்ளிவிட்டுச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டாம். ஒரு முறை குலை வெட்டினால் அந்த நிரைக்கு மறுபடி வர பத்துப் பதினைந்து நாள் ஆகும். இரண்டே வருஷத்தில் எங்கள் லயத்தில் பாதி வீடு காலி. யாரையும் யாரும் துரத்தவில்லை, பிரட்டில் பெயர்கள் குறைந்துகொண்டே வந்தன, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஜொகூர் பாருவில் துப்புரவு வேலைக்குப் போனார். அடுத்த வீட்டு மாமா குடும்பத்தோடு மாசாய் பக்கம் போனார். பள்ளிக்கூடத்தில் என் வகுப்பில் முப்பத்தோரு பேர் இருந்தோம், ஆறாம் வகுப்பு முடிக்கும்போது பதினான்கு. நிலம் அதே நிலம், முதலாளி அதே கொம்பனி, வருமானம் முன்பைவிட நன்றாக வந்ததாகத்தான் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். மரம் மாறினால் இங்கே இருக்கிற ஆட்கள் என்ன ஆவார்கள் என்று அன்றைக்கு யாராவது ஒரு தாளில் எழுதிக் கணக்குப் பார்த்தார்களா என்று எனக்கு இப்போதும் கேட்கத் தோன்றும்.

எங்களைக் காப்பாற்றியது தொழில்நுட்பம்தான். இதை நான் அடித்துச் சொல்வேன்.

1972இல் பினாங்கு பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரத்தைத் திறந்தார்கள். இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை அங்கேதான் போட்டது. நான் பிறந்ததும் அதே வருஷம். பினாங்கில் தொடங்கியது மெல்ல மெல்லத் தெற்கே இறங்கி எங்கள் பக்கத்துச் செனாய் வரைக்கும் வந்தது. பள்ளிக்கூடத்துக் கடைசித் தேர்வான எஸ்பிஎம் எழுதி முடித்து 1990இல் நான் வேலைக்குச் சேர்ந்தேன். கொம்பனி பஸ் எங்கள் தோட்டத்து முச்சந்திக்கே வரும். காலை ஷிப்ட் என்றால் ஐந்தே முக்காலுக்கு. ஏழு பெண்கள் ஏறுவோம். பொம்பளைப் பிள்ளைகள் ராத்திரி ஷிப்ட் போவதா என்று தோட்டத்தில் பேசாத வாய் இல்லை. மலாய்ப் பெண்களை அவர்கள் ஊரிலேயே "மீனா காரான்" என்று கேலி செய்வார்கள், காரான் என்றால் கரண்ட். அவர்களும் நாங்களும் பஸ்ஸில் ஒரே சீட்டில் தூங்கிக்கொண்டு போனோம். முதல் மாதம் ஓவர்டைமோடு 340 வெள்ளி கையில் வாங்கினேன். அப்பா அதை இரண்டு தடவை எண்ணிவிட்டு அம்மாவிடம் கொடுத்தார்.

என் மேசையைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் மைக்ரோஸ்கோப். வலக்கையில் உலோகத்தை உருக்கி ஒட்டுகிற சால்டரிங் இரும்பு, இடக்கையில் இடுக்கி. மணிக்கட்டில் ஒரு பட்டை, அதிலிருந்து சுருள் ஒயர் மேசைக்கு. உடம்பில் இருக்கிற நிலைமின்சாரம் சிப்பைக் கொன்றுவிடும், அதனால் அதைக் கழற்றவே கூடாது. பெல்ட்டில் போர்டு வரும். பார்த்தவுடனே கண் ஓட வேண்டும்: கால்களுக்கு நடுவே ஈயம் ஒழுகி ஒட்டிக்கொண்டிருக்கிறதா, எள்ளு அளவுச் சாமான் ஒன்று ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு செங்குத்தாக நிற்கிறதா. அதற்கு டூம்ஸ்டோன் என்று பெயர், சமாதிக் கல் மாதிரி நிற்பதால். நல்ல சால்டர் கண்ணாடி மாதிரி மின்னும். மங்கலாக, பொரபொரவென்று இருந்தால் தள்ளிவிட வேண்டும். பதினாறு வருஷம் என் கண் அப்படித்தான் பழகியிருந்தது.

2006 ஜூலை 1ஆம் தேதியோடு அது மாறியது. ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டுவிட்டது. அங்கே விற்கிற மின்னணுச் சாமான்களில் ஈயம் இருக்கக் கூடாது, சில விதிவிலக்குகள் தவிர. எங்கள் போர்டுகள் அங்கேதான் போய்க்கொண்டிருந்தன. அதுவரை நாங்கள் வைத்திருந்த வெள்ளீயமும் ஈயமும் கலந்த சால்டர் 183 டிகிரியில் உருகும். புதிதாக வந்தது வெள்ளீயம், வெள்ளி, செம்பு கலந்தது. அது உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும். அடுப்பை மாற்றினார்கள், இரும்பின் நுனி சீக்கிரம் தேய்ந்தது. எங்களுக்கு மூன்று வாரம் பயிற்சி. ஏனென்றால் புது சால்டர் நன்றாகப் பிடித்தாலும் மங்கலாகத்தான் தெரியும். முன்பு எதைப் பார்த்ததும் தள்ளினோமோ அதுவே இப்போது சரி. என் கண்ணை நான் மறுபடி பழக்கினேன். பசியாறப் போகும் முன் சிவப்புச் சோப்பால் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவோமே, அந்த விதிமுறைத் தாளும் கழிவறைச் சுவரிலிருந்து இறங்கிவிட்டது.

இதை ஏன் இத்தனை நீளமாகச் சொல்கிறேன்? ஐரோப்பாவில், பிரசல்ஸில் எழுதிய ஒரு சட்டம் செனாயில் என் மேசைக்கு வந்து என் கையில் இருந்த ஈயத்தை எடுத்தது. அந்தச் சட்டம் வருவதற்கு முன்னால், தொழிற்சாலைகள் எல்லாம் மூடிப்போகும், செலவு தாங்காது என்றுதான் கேண்டீனில் பேச்சு. ஒன்றும் மூடவில்லை. சந்தை வேண்டும் என்பதால் கொம்பனிகள் மாறிக்கொண்டன. அன்றிலிருந்து, "நிபந்தனை போட்டால் ஓடிப்போய்விடுவார்கள்" என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த மங்கலான சால்டர்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

எங்கள் தொழிற்சாலை 2017இல் வேறு நாட்டுக்குப் போனது. அது வேறு காரணம், கூலி. அதைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல விருப்பமில்லை. நஷ்ட ஈடு கொடுத்தார்கள், கேக் வெட்டினார்கள், வீட்டுக்கு வந்துவிட்டோம். ஆனால் அந்த 27 வருஷத்தில் நான் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதியில் வீடு வாங்கினேன், இரண்டு தம்பிகளைப் படிக்கவைத்தேன், அம்மாவை லயத்திலிருந்து கூட்டிவந்தேன். என்னைப் போல ஆயிரக்கணக்கான பெண்கள். உலகத்தில் சிப்புகளைச் சோதித்துப் பொதியும் வேலையில் 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது என்று அமைச்சர்கள் மேடைக்கு மேடை சொல்கிறார்களே, அந்த 13 எங்களைப் போன்றவர்களின் கண்ணும் கையும்.

சரி, டேட்டா சென்டருக்கு வருவோம்.

இதை என் அண்ணனோடு பேசினால் சண்டையில்தான் முடியும். அண்ணன் மண் லோரி ஓட்டுகிறார். மூன்று வருஷமாக ஓய்வே இல்லை. செம்பனையைத் தள்ளுவது, மேட்டை வெட்டுவது, பள்ளத்தை நிரப்புவது, எல்லாமே அவருக்கு வேலை. இரண்டாவது லோரி வாங்கிவிட்டார். தீபாவளிக்கு வந்தபோது முறுக்கைக் கடித்துக்கொண்டே சொன்னார்:

"நம்ம ஊருக்கு வராம வேற ஊருக்குப் போயிருந்தா உனக்குச் சந்தோஷமா இருந்திருக்குமா, தங்கச்சி?"

"வரட்டும் அண்ணே. நான் வேணாம்னு சொல்லலை. கட்டி முடிச்ச பிறகு உள்ளே எத்தனை பேர் இருப்பாங்க?"

"அதை எதுக்கு நீ கேக்குறே? இப்ப ஆயிரக்கணக்கான பேர் வேலை செய்யுறாங்க, கண்ணால பாக்குறோம்ல."

பார்க்கிறோம், உண்மைதான். காலையில் சாலையே மஞ்சள் தொப்பியாக இருக்கிறது. பங்களாதேஷ், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்த பிள்ளைகள். ரொட்டிச்சானாய்க் கடைகளில் இடம் கிடைப்பதில்லை, அறை வாடகை ஏறிவிட்டது. அண்ணனுக்கு இது வாழ்வு, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் கட்டுகிற வேலை கட்டி முடிக்கும் வரைக்கும்தான். அதற்கப்புறம் அந்தக் கட்டடத்துக்கு வேண்டியது நிலம், மின்சாரம், தண்ணீர், கேபிள். ஆட்கள் சொற்பம். காவலுக்குச் சிலர், மின்சாரத்துக்குச் சிலர், குளிரூட்டும் இயந்திரங்களுக்குச் சிலர், திரை முன்னால் உட்கார்ந்து கண்காணிக்கச் சிலர். கணினிகளைக் கவனிக்கிற வேலையில் பெரும்பகுதியை வேறு நாட்டில் உட்கார்ந்துகொண்டே செய்யலாம். அந்தத் தொழில் அப்படித்தான் அமைந்திருக்கிறது, யாரையும் குறை சொல்வதற்கில்லை. ரப்பர் நின்ற நிலத்தில் செம்பனை வந்தபோது ஆள் குறைந்தது. செம்பனை நின்ற நிலத்தில் இப்போது இது வந்திருக்கிறது.

இவர்கள் ஜொகூரைத் தேடி வந்த காரணத்தையும் பார்க்க வேண்டும். சிங்கப்பூர் 2019இல் புது டேட்டா சென்டர்களுக்கு அனுமதி கொடுப்பதை நிறுத்தி வைத்தது. நிலமும் மின்சாரமும் அங்கே போதாது. 2022இல் மறுபடி திறந்தபோது கண்டிப்பான நிபந்தனை வைத்தது: கணினிக்கு ஒரு பங்கு மின்சாரம் செலவானால், குளிரூட்டல் மற்றதெல்லாம் சேர்த்து மொத்தம் 1.3 பங்குக்கு மேல் போகக் கூடாது. இடையில் இருந்த மூன்று வருஷத்தில் சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கிற பாலத்துக்கு இந்தப் பக்கம் நாம் கதவைத் திறந்து வைத்தோம். ஆக, நிபந்தனை போட்டதால் சிங்கப்பூரிலிருந்து சிலர் இங்கே வந்துவிட்டார்கள் என்று அண்ணன் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்றைய நிலைமை வேறு. உலகம் முழுக்க இவர்கள் மின்சாரம் கிடைக்காமல் அலைகிறார்கள். கையில் நிலமும் கரண்டும் வைத்திருப்பவர் கேட்க வேண்டிய நேரம் இதுதான். ஜொகூர் அரசும் 2024இல் டேட்டா சென்டர் விண்ணப்பங்களை ஆராய ஒரு குழுவை அமைத்தது. எல்லாருக்கும் கையெழுத்துப் போடுகிற காலம் முடிந்தது, நல்லது.

தண்ணீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சிப் குடிக்கிற மின்சாரம் கடைசியில் சூடாகத்தான் வெளியே வர வேண்டும், வேறு வழியே இல்லை. அந்தச் சூட்டை இறக்கப் பல இடங்களில் தண்ணீரை ஆவியாக்குகிறார்கள். வியர்வை காய்ந்தால் உடம்பு குளிர்கிற அதே முறை. ஆவியாகிப் போன தண்ணீர் திரும்பி வராது. ஜொகூர் ஆற்றிலிருந்து சிங்கப்பூர் ஒரு நாளைக்கு 25 கோடி காலன் வரை எடுத்துக்கொள்ளலாம் என்று 1962இல் ஒப்பந்தம் போட்டது, 2061 வரைக்கும் செல்லும். மிச்சத்தில்தான் நாம், நம் தொழிற்சாலைகள், இப்போது இவர்களும். எங்கள் தாமானில் வறட்சிக் காலத்தில் பின்னேரம் குழாய் நூலாக ஒழுகும். அப்படிப்பட்ட நாளில் மாடியில் தொட்டியைத் தட்டிப் பார்த்துக்கொண்டே நான் அந்த வெள்ளைக் கட்டடத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. குடிக்கிற தண்ணீர்தான் வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. சிங்கப்பூரில் கழிவுநீரைச் சுத்திகரித்து 2003 முதல் நியூவாட்டர் என்று கொடுக்கிறார்கள், சிப் தொழிற்சாலைகளே அதைத்தான் வாங்குகின்றன. சிப் செய்ய அந்தத் தண்ணீர் போதும்போது சிப்பின் சூட்டைத் தணிக்க ஏன் போதாது?

இன்னொரு கணக்கும் என்னை உறுத்துகிறது. செம்பனை மரம் 25 வருஷம் காய்க்கும், அப்புறம்தான் மறுநடவு. இந்தச் சர்வர்களுக்கு ஆயுள் ஐந்தாறு வருஷம். அமேசான் 2025இல் தன் சர்வர்கள் சிலவற்றின் ஆயுளை ஆறு வருஷத்திலிருந்து ஐந்தாகக் குறைத்துக் கணக்கெழுதியது. சிப்புகள் அத்தனை வேகமாகப் பழசாகின்றன. 2025 ஜனவரியில் சீனாவின் டீப்சீக் என்ற செயற்கை நுண்ணறிவுச் செயலி பரபரப்பானபோது என்விடியாவின் பங்கு மதிப்பு ஒரே நாளில் ஏறத்தாழ 600 பில்லியன் டாலர் இறங்கியது, ஞாபகம் இருக்கிறதா? குறைந்த சிப்பிலும் காரியம் நடக்கும் போலிருக்கிறதே என்ற ஒரு சந்தேகத்துக்கே அவ்வளவு. பங்கு பிறகு ஏறிவிட்டது. ஆனால் ஐந்து வருஷம் கழித்து, பழைய சிப்பைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டலாமா, இல்லை வேறு நாட்டுக்குப் போகலாமா என்று ஒரு கூட்டத்தில் யாரோ முடிவெடுப்பார்கள். தள்ளிய செம்பனை மறுபடி எழுந்து நிற்காது. என் தொழிற்சாலையும் அப்படி ஒரு கூட்டத்தில்தான் போனது.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. அனுமதிப் பத்திரத்தில் எத்தனை மெகாவாட், எத்தனை லிட்டர் என்று எழுதுகிற அதே தாளில், கட்டி முடித்த பிறகு நிரந்தர வேலையில் எத்தனை பேர், அதில் இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் என்றும் எழுதி வாங்குங்கள். வருஷா வருஷம் அதை வெளியிடுங்கள். மைக்ரோசாப்ட் மலேசியாவில் இரண்டு லட்சம் பேருக்குச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி என்று சொன்னது. அரசாங்கம் 2024 மே மாதம் செமிகண்டக்டர் திட்டத்தில் 60,000 பொறியாளர்கள் என்றது. எல்லாம் நல்ல எண்தான். ஆனால் பொறியாளர் ஆகாத பிள்ளை என்ன செய்வான்? தோட்டத்துப் பள்ளியில் படித்து, எஸ்பிஎம்மில் சுமாராக எடுத்து, தொழிற்கல்லூரியில் ஒயரிங் சான்றிதழ் வாங்கிய பிள்ளை? டேட்டா சென்டருக்குள் அவனுக்கு ஏற்ற கதவு ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. அதன் பெயர் சார்ஜ்மேன்.

வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். பெரிய மின் இணைப்பு உள்ள எந்த இடத்திலும் அதைக் கவனிக்க, எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் உள்ள ஆள் இருந்தே ஆக வேண்டும், சட்டம். குறைந்த மின்னழுத்தத்துக்கு ஏ வகை, 11,000 வோல்ட் மாதிரி உயர்ந்த அழுத்தத்துக்கு பி வகை. இத்தனை மெகாவாட் ஓடுகிற கட்டடத்தில் அந்தச் சான்றிதழ்க்காரன் இல்லாமல் ஒரு சுவிட்சைத் தொட முடியாது. அதை வேறு நாட்டிலிருந்து திரையில் பார்த்துக்கொண்டே செய்யவும் முடியாது. நம் பிள்ளைகளுக்குப் பட்டம் இல்லாமல் எட்டுகிற உயரம் அது.

என் மூத்தவன் அதற்குத்தான் ஓடுகிறான். 26 வயது. இரண்டு வருஷமாக ஒரு குத்தகையாளரிடம் கேபிள் இழுக்கிற வேலை. மணிக்கட்டு தடிமன் உள்ள செம்புக் கேபிளை எட்டுப் பேர் தோளில் போட்டு இழுப்பார்கள், வீட்டுக்கு வந்தால் தோள்பட்டையில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். அம்மா காண்டாக் கம்பு தூக்கிய அதே இடத்தில். கட்டடத்தை ஒப்படைத்ததும் அவன் வேலை முடிந்துவிடும், அடுத்த தளம் எங்கே என்று போக வேண்டும். சார்ஜ்மேன் வகுப்புக்கு அவனுடைய இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கட்டணம். சனி ஞாயிறு வகுப்பு ஜொகூர் பாருவில். போன வருஷமே சேர வேண்டியது, சனிக்கிழமை ஓவர்டைமை விட்டால் அந்த மாத மோட்டார் தவணை உதைக்கும் என்று தள்ளிப் போட்டான். பில்லியன் பில்லியனாகப் போடுகிறவர்கள் கூலாயிலேயே ஒரு கட்டடம் எடுத்து அந்த வகுப்பை இலவசமாக நடத்தினால் எத்தனை பிள்ளைகள் வருவார்கள். கோவில் மண்டபத்திலேயே நடத்தலாம், நாற்காலி போட்டுத் தருகிறோம்.

என் ஊழியர் சேமநிதியிலிருந்து ஐம்பது வயதில் எடுத்து வைத்ததில் கொஞ்சம் மீதி இருந்தது. போன மாதம் அதை எடுத்துக் கட்டிவிட்டேன். வேண்டாம் என்றான். நான் கேட்கவில்லை.

இதற்கு நடுவே போன செவ்வாய்க்கிழமை ஒரு டேட்டா சென்டரில் ஷிப்ட் டெக்னீஷியன் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். சட்டையைத் தேய்த்துக் கொடுத்து ஒன்று மட்டும் சொல்லி அனுப்பினேன்: "கேள்வி ஏதாவது இருக்கான்னு கடைசியில கேப்பாங்கப்பா. ஒரு ஷிப்டுக்கு எத்தனை பேருன்னு கேளு."

சாயங்காலம் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே சொன்னான்.

"பன்னிரண்டு பேரும்மா. செக்யூரிட்டி தனி."

"அதுல நம்ம ஊருப் பிள்ளைங்க எத்தனை பேராம்?"

"அதைக் கேக்கலைம்மா. எப்படிக் கேக்குறது?"

மாதக் கடைசியில் பதில் சொல்வார்களாம். இந்தச் சனிக்கிழமை முதல் வகுப்பு, எட்டு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். ஆறரைக்குப் பசியாற தோசை ஊற்றிக் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.